மைதானத்துக்கும் ஒருமுறை வாருங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுப் பேரவையினருக்கும், கற்கைநெறிகளை மீளாய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் தினமும் படகுப்பாதையில் ஏறித்தான் வேலைக்கு வந்தேன். இவ்வளவு காலத்தில் என்னிடம் கற்பித்தல் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நிறையப் பேர். கல்வியியல் கல்லூரிகளிலிருந்து வந்தார்கள், பட்டப்படிப்பின் நடுவில் வந்தார்கள், பட்டம் முடித்து நியமனக் கடிதத்தோடும் வந்தார்கள். அவர்களுடைய பாடக்குறிப்புகளில் நான் கையெழுத்து வைக்கிறேன். அவர்கள் படித்த கற்கைநெறிகளுக்கு நீங்கள் தரம் போடுகிறீர்கள். ஒரே பிள்ளையை நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்தும் நான் இந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கிறோம். ஆனால் நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் ஒரு கற்கைநெறிக்கு அங்கீகாரம் கொடுக்க முதல், அதில் படித்த ஒருவர் உண்மையான பிள்ளைகளை வைத்து, உண்மையான மைதானத்தில் ஒரு பாடவேளை நடத்துவதை நேரில் பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழக மாணவர் எங்கள் பாடசாலைக்குப் பயிற்சிக்கு வந்தார். நல்ல பிள்ளை. கரப்பந்தாட்டத்தில் மாகாண மட்டம் வரை ஆடியவர். தரம் 8க்கு அன்று கீழ்க்கையால் பந்தைப் பணிப்பது, அதாவது வலைக்கு மேலால் அடித்து ஆட்டத்தைத் தொடக்குவது, பாடம். அவருடைய பாடக்குறிப்பைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: நோக்கங்கள், படிமுறைகள், மதிப்பீட்டு அட்டவணை, எல்லாம் நிறப் பேனையால் கோடு போட்டு. வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். பாடசாலையில் இருந்தது இரண்டு பந்து. அதில் ஒன்றுக்குக் காற்று நிற்காது.

அவர் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்பாட்டினார். முன்னுக்கு நிற்கிற பிள்ளை பந்தைப் பணித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். நான் வேப்பமரத்தடியில் இருந்து இடது வரிசையில் ஐந்தாவதாக நின்ற ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடப் பாடவேளை. வகுப்பிலிருந்து இறங்கி வந்து சப்பாத்தைக் கழற்றி வைக்க ஏழெட்டு நிமிடம். உடலை இளக்கும் பயிற்சி பத்து நிமிடம். விளக்கமும் செய்து காட்டலும் பத்து நிமிடம். அவர் செய்து காட்டியது அவ்வளவு அழகு, பிள்ளைகள் கைதட்டினார்கள். மிச்சம் இருந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் கை பந்தில் பட்டது மூன்று தரம். மூன்றாவது தரம் பந்து வலைக்கு மேலால் போனது. அவள் திரும்பிப் பார்த்தபோது அடுத்த பிள்ளை பந்தை எடுத்தாயிற்று. மற்ற நேரமெல்லாம் அவள் வெயிலில் நின்றாள், பிறகு குந்தினாள், விரலால் மண்ணில் வீடு கீறினாள். மதில் ஓரத்துக் கல்லில் தொடக்கத்திலேயே போய் இருந்துவிட்ட மூன்று பெண்பிள்ளைகளிடம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இதில் அந்த மாணவரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தைப் பணிக்க அவருக்கு வடிவாகத் தெரியும். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு இரண்டு பந்தை வைத்துப் பணிக்கப் பழக்குவது எப்படி என்று அவருக்கு ஒருவரும் பழக்கவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. அன்று பின்னேரம் அவரையும் வைத்துக்கொண்டு பழைய துணியைச் சுருட்டி, ரப்பர் நாடாவால் சுற்றிப் பதினெட்டுப் பந்து கட்டினோம். அடுத்த பாடத்தில் இரண்டு இரண்டு பேராக விட்டோம். வலைக்குப் பதிலாகக் கட்டின கயிறு ஒன்று. அதே பிள்ளை அன்று எத்தனை தரம் அடித்தாள் என்று எண்ண என்னால் முடியவில்லை. முப்பதைத் தாண்டியபோது எண்ணுவதை விட்டுவிட்டேன். கல்லில் இருந்த மூவரில் இருவர் இறங்கி வந்தார்கள்.

சரி, அவருடைய விரிவுரையாளர் வந்தாரா? வந்தார், இரண்டு தரம். இரண்டாம் தரம் தூறல், பாடம் வகுப்பறைக்குள் நடந்தது. அவர் பாடக்குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார், கற்பித்தல் சாதனங்களைப் பார்த்தார், பதிவேட்டில் கையெழுத்து வைத்தார். அன்று அவர் இன்னும் நான்கு பாடசாலைக்குப் போகவேண்டியிருந்தது. நல்ல புள்ளிதான் கொடுத்தார். துணிப்பந்துக்குப் புள்ளி போட அவருடைய படிவத்தில் இடம் இருக்கவில்லை.

உங்கள் கைநூலை நான் படித்தேன். பட்டக் கற்கைநெறிகளை மீளாய்வு செய்வதற்காக 2015இல் வெளியிட்டதைத்தான் சொல்கிறேன். 8 அளவுகோல்கள். கற்கைநெறி முகாமைத்துவம், மனித வளமும் பௌதிக வளமும், கற்கைநெறியை வடிவமைப்பது, பாட அலகுகளை வடிவமைப்பது, கற்பித்தலும் கற்றலும், மாணவர்களுக்கான ஆதரவு, மதிப்பீடு, புதுமையான நல்ல நடைமுறைகள். அவற்றின் கீழ் வருகிற ஒவ்வொரு நியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, எல்லாம் கூட்டி 1000க்கு, கடைசியில் ஏ, பி, சி, டி என்று தரம். பல்கலைக்கழகம் தன்னைத் தானே மதிப்பிட்டு அறிக்கை எழுதுகிறது, நீங்கள் ஆட்களை அனுப்பிப் பார்க்கிறீர்கள். இது நல்ல ஏற்பாடு. நான் படித்த காலத்தில் எங்கள் படிப்பு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை. இப்போது மாணவர்களைக் கூப்பிட்டு இருத்தியே கேட்கிறீர்கள் என்று அறிகிறேன். மகிழ்ச்சி.

ஆனால் அந்த 8 அளவுகோலும் எல்லாப் பாடத்துக்கும் பொது. தமிழ் இலக்கியத்துக்கும் அதுதான், கணக்கியலுக்கும் அதுதான், உடற்கல்விக்கும் அதுதான். மைதானம் இருக்கிறதா என்று அதை வைத்துக் கேட்கலாம். மைதானத்தில் பிள்ளை எத்தனை தரம் பந்தைத் தொடுகிறது என்று கேட்க முடியாது. அதைக் கேட்கிற ஆள் அந்தப் பாடத்துக்குள்ளிருந்து வரவேண்டும்.

பொறியியலில் இது நடக்கிறதுதானே. ஒரு பொறியியல் பட்டத்தை உங்கள் மீளாய்வு ஒருபக்கம் பார்க்க, இன்னொரு பக்கம் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் தன் சொந்த நியமங்களை வைத்துத் துருவிப் பார்க்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் அந்த நிறுவனம் முழு உறுப்புரிமை பெற்றபடியால், அது அங்கீகரித்த பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு. வைத்தியப் படிப்புக்கு மருத்துவ சபை இருக்கிறது. பாலம் கட்டுகிறவரையும் ஊசி போடுகிறவரையும் அவர்களுடைய தொழில்காரரே சோதிக்கிறார்கள். வருடத்துக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் ஓடவிடுகிறவரைச் சோதிக்க அப்படி ஒரு சபை நம் நாட்டில் இல்லை. ஆகவே அந்த வேலையும் உங்கள் தலையில்தான் இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்டு வாங்காவிட்டாலும்.

வெயில் என்று சொன்னதும் ஒன்றை நிதானமாகச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் மார்கழி, தை மழை ஓய்ந்ததும்தான் இல்ல விளையாட்டுப் போட்டி. மண் காய்ந்ததும் காயாததுமாகச் சுண்ணாம்புக் கோடு போடுவோம். மாசி, பங்குனியில் காற்றில் ஈரமும் இருக்கும், வெயிலும் ஏறிக்கொண்டு வரும். அந்த நேரத்தில்தான் மரதன் ஓட்டம். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் பகுதியில் பாடசாலை மரதனில் ஓடிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மரணத்துக்கு என்ன காரணம், யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது என் வேலையும் இல்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க இந்தக் கரையோரம் இருக்கிற ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியருக்கும் நித்திரை வரவில்லை. அது என் மைதானமாக இருந்திருந்தால் எனக்கு என்ன தெரிந்திருக்கும் என்று ஆளுக்கு ஆள் யோசித்தோம்.

என்ன தெரிந்திருக்கவேண்டும்? உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று தொடக்கம் இரண்டு கிழமை வேண்டும் என்பது தெரிந்திருக்கவேண்டும். அப்படியானால் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் போட்டி வைக்கக்கூடாது. ஓடிவருகிற பிள்ளை தடுமாறினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னால், அது வெறும் களைப்பாக இல்லாமல் இருக்கலாம், உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கலாம் என்பது தெரிந்திருக்கவேண்டும். அந்த நேரம் ஒருவர் 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட, மற்றவர் பிள்ளையை நிழலுக்கு இழுத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறத் தொடங்கவேண்டும். வாகனம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றால் அந்த நிமிடங்கள் திரும்பி வரா. மயங்கிக் கிடக்கிற பிள்ளையின் வாயில் தண்ணீர் பருக்கக்கூடாது.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. என்னிடம் வந்த பயிற்சி ஆசிரியர்களில் கனபேர் பரீட்சையிலும் எழுதியிருக்கிறார்கள். நான் வழக்கமாக ஒரு சோதனை வைப்பேன். பாடசாலை விட்ட பிறகு, ஒரு பிள்ளையை நடிக்கச் சொல்லி மண்ணில் கிடத்திவிட்டு, "தம்பி, இந்தப் பிள்ளை ஓடிவந்து விழுந்திருக்கு, செய்யுங்கோ பாப்பம்" என்பேன். கூடுதலானவர்கள் முதலில் ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தலைத்தான் எடுப்பார்கள், பிள்ளையின் வாய்க்கு. கிணற்றடி இருபது அடியில் இருக்கும், வாளியும் இருக்கும், அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். தெரியாமல் இல்லை, கை பழகவில்லை. ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: ஒரு கற்கைநெறியை மீளாய்வு செய்யும்போது, இறுதியாண்டு மாணவர்களில் யாராவது நான்கு பேரை நீங்களே தெரிந்தெடுத்து, முன்னறிவித்தல் இல்லாமல் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம்கூடப் போகாது. நான்கு பேரும் வாளியைத் தேடாவிட்டால், மற்ற எதில் எத்தனை புள்ளி எடுத்தாலும் அந்தக் கற்கைநெறிக்கு முழு அங்கீகாரம் கொடுக்காதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வெளியிலும் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவில் உடற்கல்வி ஆசிரியர்களின் தேசிய அமைப்பே, புதிதாக ஆசிரியராக வருகிறவருக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்று நியமம் எழுதி வைத்திருக்கிறது. 2017இல் வந்தது, ஆறே ஆறு நியமம். பாட அறிவு, சொந்த விளையாட்டுத் திறனும் உடற்தகுதியும், திட்டமிடல், கற்பிக்கும் விதமும் வகுப்பை நடத்தும் விதமும், பிள்ளை கற்றதா என்று மதிப்பிடுதல், தொழில்சார் பொறுப்பு. அதில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஆசிரியராக வருகிறவருக்கு ஏதாவது இயலாமை இருந்தால் அவருக்கு ஏற்ற மாற்றங்களோடு தன் திறனைக் காட்ட இடம் கொடுக்கச் சொல்கிறது. மற்றது, ஆசிரியர் என்ன செய்தார் என்பதோடு நில்லாமல் பிள்ளை என்ன கற்றது என்றும் கேட்கிறது. அப்படியே எடுத்து இங்கே ஒட்டச் சொல்லவில்லை. அங்கே இருக்கிற உள்ளரங்கும் உபகரணமும் இங்கே இல்லை. பாடத்துக்கென்று தனி நியமம் எழுதலாம் என்பதற்கும், அது நீளமாக இருக்கத் தேவையில்லை என்பதற்கும்தான் இதைச் சொன்னேன்.

எங்களுக்கென்று எழுதினால் அதில் மொழி கட்டாயம் வரவேண்டும். இங்கிருந்து உடற்கல்விப் பட்டம் படிக்க நினைக்கிற பிள்ளை பெலிஹுல்ஓயாவுக்கு, சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். அங்கே ஆங்கிலத்தில் படித்து, திரும்பி வந்து தமிழில் படிப்பிக்கவேண்டும். ஆங்கிலத்தில் படிப்பது நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உடல் அசைவின் விதிகளைச் சொல்லும் உயிர்ப்பொறிமுறையியலை ஆங்கிலத்தில் கரைத்துக் குடித்த ஒரு பிள்ளை, குண்டு போடும்போது முழங்கை ஏன் கீழே விழக்கூடாது என்று தரம் 9 பொடியனுக்குத் தமிழில் சொல்லமுடியாமல் தன் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கற்பித்தல் பயிற்சியைத் தாய்மொழியில், அந்த மொழி தெரிந்த மேற்பார்வையாளரின் முன் செய்திருக்கிறாரா என்று மீளாய்வு கேட்கவேண்டும்.

பெண்பிள்ளைகளையும் சொல்லவேண்டும். இந்த மாவட்டங்களில் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு ஊரில் பிள்ளை கால்சட்டை போட்டு ஓடும், அடுத்த ஊரில் முழுக்க மூடித்தான் ஓடும், இன்னொரு ஊரில் வீதியோரத்து மைதானம் என்றால் ஓடவே வராது. ஆசிரியராக வருகிறவர் மூன்று ஊரிலும் படிப்பிக்கப் பழகியிருக்கவேண்டும். "வராத பிள்ளை வரவேண்டாம்" என்று விட்டால் அந்தப் பிள்ளைக்கு நான்கு வருடப் பாடம் மதில் ஓரத்துக் கல்லில் போய்விடும். சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 6 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைக்கும் உரிய பாடம். ஓடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதவில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நாட்டில் இருக்கிற தேசிய கல்வியியல் கல்லூரிகளை பட்டம் வழங்கும் பல்கலைக்கழக அமைப்புக்குள் கொண்டுவரும் யோசனை சில வருடமாகவே பேச்சில் இருக்கிறது. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்லூரிகள் இருப்பதால் எங்களுக்கு இது பக்கத்துவீட்டு விஷயம். வந்தால் நான் வரவேற்பேன். ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. அந்தக் கல்லூரிகளின் படிப்பில் மூன்றாம் வருடம் முழுக்கப் பாடசாலையில் கட்டுறு பயிற்சி. ஒரு வருடம் ஒரே பாடசாலையில் நிற்கிறபோது பிள்ளைகளின் பெயர் தெரிந்துவிடும், மழைக்கு மைதானத்தில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துவிடும். பட்டமாக மாற்றுகிற அவசரத்தில், விரிவுரை மணித்தியாலங்களைக் கூட்டி இந்த வருடத்தை வெட்டிவிடுவார்களோ என்பதுதான் பயம். பட்டங்களின் மட்டத்தையும் அளவையும் வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். கற்பித்தல் பயிற்சிக்கு 6 கிரெடிட் என்று தாளில் எழுதினால் அது குறைந்தது 300 மணித்தியாலம். அந்த 300இல் எத்தனை மணித்தியாலம் அறிக்கை எழுதப் போனது, எத்தனை மணித்தியாலம் பிள்ளைகளோடு போனது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பாடசாலைப் பதிவேட்டில் எல்லாம் இருக்கும். எங்களிடம் கேட்டால் கொடுப்போம்.

ஆசிரியர் அறையில் இதைப் பேசினால் மூத்தவர்கள் ஒன்று சொல்வார்கள். "வெபர் அடிகளார் எந்த அங்கீகாரம் பெற்ற கற்கைநெறியில் படிச்சவர்?" நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த அந்த இயேசு சபைத் துறவி புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விளையாட்டில் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று மட்டக்களப்பில் சின்னப் பிள்ளையும் சொல்லும். நகரத்து மைதானத்துக்கே அவர் பெயர்தான். கேள்வி நியாயமானது. ஆனால் அப்படி ஒரு மனிதர் ஒரு தலைமுறைக்கு ஒருவர் வருவார். அவர் போய் நிற்காத வெல்லாவெளியிலும் வாகரையிலும் பொத்துவிலிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு என்ன செய்வது? அவர்களுக்குச் சாதாரணமான, ஒழுங்காகப் பழகிய ஒரு ஆசிரியர் போதும். அந்தச் சாதாரண ஆசிரியர் தவறாமல் கிடைப்பார் என்ற உறுதியைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

மீளாய்வுக் குழுவில் பாடசாலையில் படிப்பிக்கிற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரையும் சேருங்கள். பேராசிரியர்கள் இருக்கிற மேசையில் அவர் வாய் திறக்கமாட்டார் என்று நினைக்கவேண்டாம். மைதானத்துக்குக் கூட்டிப்போனால் அவர் பேசுவார்.

எங்கள் பாடசாலையில் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை தரம் 8. இப்போதும் ஒரு பயிற்சி ஆசிரியை நிற்கிறார், வருகிற தவணை வரைக்கும் இருப்பார். மட்டக்களப்பிலிருந்து ஆரையம்பதி வந்து மண்முனைப் பாலத்தால் திரும்பினால் வந்துவிடலாம். அதிபரிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன், அவருக்கும் சந்தோஷம். வேப்பமரத்தடியில் நான்கு கதிரை போடுவோம். வரும்போது தொப்பி கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை